வேலிக் கத்தரி வெட்டவில்லை என்றால்: அரமா, சாணையா, பட்டறையா, புதிதா?

கார்த்திகை மழை ஓய்ந்ததும் வேலி தாறுமாறாகத் தழைத்து நிற்கும். மாதக்கணக்கில் சுவரில் தொங்கிய கத்தரியை எடுத்துக்கொண்டு போனால், இலை நறுக்கென்று விழாமல் இரண்டு அலகுகளுக்கும் நடுவே மடிந்துகொள்கிறது; தண்டு நசுங்குகிறது; கால் மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கத் தொடங்குகிறது. தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது. நாமே அரம் போடலாமா, தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா, பட்டறையில் கிரைண்டர் வைத்துத் தீட்டி வாங்கலாமா, இல்லை, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாமா?

மழுங்கிய கத்தரி கையை மட்டும் வருத்துவதில்லை, செடியையும் வருத்துகிறது. கிழிந்த இலை நுனி இரண்டு நாளில் பழுத்துக் கருகும். நசுங்கிய தண்டு ஆறுவதற்குத் தாமதமாகி, பூஞ்சை நுழைய வழிவிடும். வெட்டி ஒரு வாரத்தில் வேலி முழுவதும் பழுப்பேறித் தெரிந்தால் குறை பெரும்பாலும் கத்தரியில்தான் இருக்கிறது. இரு கைகளாலும் பிடித்து வெட்டும் வேலிக் கத்தரியைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஒற்றைக் கையால் பிடிக்கும் கவாத்துக் கத்தரியின் அமைப்பு வேறு, அதைத் தீட்டும் முறையும் வேறு.

எதை வைத்து முடிவு செய்வது

வேலிக் கத்தரியின் ஒவ்வோர் அலகுக்கும் இரண்டு முகங்கள் உண்டு. வெளிப்பக்கத்தில் விளிம்பை ஒட்டி ஒரு சாய்வு இருக்கும். மற்ற அலகை உரசிச் செல்லும் உள்பக்கம் மட்டமாக இருக்கும். நல்ல கத்தரியை மூடிப் பக்கவாட்டில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால், அலகுகள் மிக இலேசாக வில்போல வளைந்திருப்பதும் நடுவில் மெல்லிய இடைவெளி இருப்பதும் தெரியும். அந்த வளைவு பழுதன்று, வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கத்தரியை மூடும்போது இரண்டு விளிம்புகளும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு, அந்தப் புள்ளி அடியிலிருந்து நுனி வரை ஊர்ந்து செல்ல வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். வெட்டு நடப்பது அந்தப் புள்ளியில்தான்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் நான் முதலில் கேட்பது உள்முகம் கெடாமல் இருக்குமா என்பதே. உள்பக்கத்தில் ஒரு சாய்வு விழுந்துவிட்டால், அலகு சவரக்கத்தி போலக் கூராக இருந்தாலும் விளிம்புகள் ஒன்றையொன்று தொடா. இலை மடியத்தான் செய்யும். இரண்டாவது, சூடு. எஃகுக்குத் தோய்ச்சல் கொடுத்து, அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து, ஏற்றிய கடினப் பதம், தீட்டும் சூட்டில் இறங்கிவிடக் கூடாது. மூன்றாவது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு இரும்பு கழிகிறது என்பது. கத்தரியின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கூலியும், நம் நேரமும், நம் கைப்பழக்கமும் வருகின்றன. பலர் கூலியிலிருந்து கணக்கைத் தொடங்குவதால்தான் தவறான முடிவுக்கு வருகிறார்கள் என்பது என் எண்ணம்.

தீட்டுவதற்கு முன் சுத்தம்

எந்த வழிக்கும் இது பொது. சுத்தம் செய்யாமல் முடிவெடுக்கவே கூடாது, ஏனென்றால் மழுங்கிவிட்டது என்று என்னிடம் கொண்டுவரப்படும் கத்தரிகளில் பல உண்மையில் மழுங்கியவை அல்ல. செடிப்பால் காய்ந்து அலகின் உள்முகத்தில் அரக்குப்போலப் படிந்திருக்கும்; நடு போல்ட்டின் நட்டு தளர்ந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் புதுக் கத்தரிகூட வெட்டாது. இலை கிழிந்து பிய்ந்தால் விளிம்பு மழுங்கியிருக்கிறது என்றும், கிழியாமல் மடிந்துகொண்டால் வெட்டும் புள்ளியில் விளிம்புகள் தொடாமல் இடைவெளி விழுந்திருக்கிறது என்றும் கொள்ளலாம்.

முதலில் நட்டைக் கழற்றி அலகுகளைப் பிரியுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் இராது. சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கியும் மண்ணையும் பச்சைச் சாற்றையும் எடுத்துவிடும். காய்ந்து கறுத்த கறைக்கு மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ நனைத்த துணியைச் சற்று நேரம் சுற்றி வைத்துவிட்டுத் துடைத்தால் கறை இளகிவரும். அரளி வேலி வெட்டிய கத்தரியானால் கையுறை கட்டாயம். அதன் பால் நஞ்சு, அந்தக் கையால் கண்ணைத் தொட்டுவிடக் கூடாது.

துருவுக்கு நுண்ணிய உப்புத்தாளும் சில சொட்டு எண்ணெயும் போதும். உள்முகத்தைத் தேய்க்கும்போது மட்டும் உப்புத்தாளை மட்டமான மரக்கட்டை மீது சுற்றிக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் விளிம்பு உருண்டுவிடும். வினிகரில் ஊறவைக்கும் வழியும் உண்டு. துரு போகும், ஆனால் இரவு முழுவதும் விட்டால் அமிலம் விளிம்பையும் அரித்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, துரு இளகியதும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். அலகில் கறுப்புப் பூச்சு உள்ள கத்தரிகளை உப்புத்தாளாலும் எஃகு நாராலும் தேய்க்காதீர்கள். பூச்சு உரிந்த இடத்தில் துரு இன்னும் வேகமாக ஏறும்.

பூட்டும்போது நட்டை எவ்வளவு முறுக்குவது என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கத்தரியை விரித்து ஒரு பிடியை மட்டும் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு மற்றதை விடுங்கள். அது தொப்பென்று விழுந்தால் நட்டு தளர்வு. அசையாமல் நின்றால் இறுக்கம். மெல்ல இறங்கிப் பாதி வழியில் நின்றால் சரி. பிறகு செய்தித்தாளை அடியிலிருந்து நுனி வரை வெட்டிப் பாருங்கள். தாள் சுத்தமாக அறுபட்டால் இத்துடன் வேலை முடிந்தது, யாருக்கும் கூலி கொடுக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் தாள் பிசிறுகிறதோ அந்த இடம்தான் தீட்ட வேண்டிய இடம்.

வீட்டிலேயே அரம் போடுதல்

உள்முகத்தைக் காப்பாற்றுவதில் இதற்கு இணையான வழி இல்லை, ஏனென்றால் அரம் எந்தப் பக்கம் படுகிறது என்பது முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. சூடு ஏறும் பேச்சே இல்லை. கழியும் இரும்பும் மிகக் குறைவு. எட்டு அல்லது பத்து அங்குல மட்ட அரம் ஒன்று, பற்கள் ஒரே திசையில் ஓடும் ஒற்றை வெட்டு வகையாகப் பார்த்து, இரும்புக் கடையில் 200, 300 ரூபாய்க்குள் வாங்கலாம்; வீட்டுத் தோட்டத்துக்கு அது பல ஆண்டுகள் வரும். அத்துடன் ஒரு தீட்டுக்கல்லும் வேண்டும்.

அலகை வைஸில் இறுக்குங்கள். வைஸ் இல்லாவிட்டால் மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு அசையாமல் நிறுத்துங்கள். வெளிச் சாய்வு முழுவதும் ஸ்கெட்ச் பேனாவால் நிறம் பூசிக்கொண்டு, ஏற்கெனவே இருக்கும் சாய்வின் மீதே அரத்தைப் படியவைத்து, அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே ஓட்டமாகத் தள்ளுங்கள். நிறம் சாய்வு முழுவதிலும் ஒரே சீராக மறைந்தால் கோணம் சரி. மேல்வரம்பில் மட்டும் மறைந்தால் அரம் அதிகம் படுத்திருக்கிறது. விளிம்பில் மட்டும் மறைந்தால் தூக்கலாக இருக்கிறது. புதுக் கோணம் ஒன்றை உருவாக்க முயலாதீர்கள். தயாரித்தவர் வைத்த கோணம் அந்த எஃகுக்கு ஏற்றபடி வைக்கப்பட்டது. அரம் முன்னே தள்ளும்போது மட்டுமே அறுக்கும், ஆகவே பின்னே இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். அழுத்தி இழுத்தால் பற்கள்தான் மழுங்கும். அரத்தில் சாக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் இரும்புத் துகள் பற்களுக்கிடையே அடைத்துக்கொள்ளாது. எண்ணெய் மட்டும் படக் கூடாது.

பத்துப் பதினைந்து தள்ளலில் விளிம்பின் மறுபக்கத்தில், அதாவது உள்முகத்தில், விரல் நுனியால் குறுக்கே தடவினால் மெல்லிய பிசிர் தட்டுப்படும். விளிம்பு வரை அரம் எட்டிவிட்டதற்கு அதுவே அடையாளம். அந்தப் பிசிரை எடுக்கத் தீட்டுக்கல்லை உள்முகத்தின் மீது முழுவதும் மட்டமாகப் படுக்கவைத்து ஒன்றிரண்டு முறை இழுத்தால் போதும். கல்லை ஓர் இழை தூக்கிப் பிடித்தாலும் உள்பக்கத்தில் சாய்வு விழுந்துவிடும் என்பதால், இந்த இரண்டு இழுப்பில்தான் மொத்த வேலையின் கவனமும் இருக்க வேண்டும். மற்ற அலகுக்கும் அதே எண்ணிக்கையில் அரம் போடுங்கள்.

இதிலுள்ள மறை செலவு நேரமும் பொறுமையும்தான். முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும், கோணமும் சற்றுப் பிசகும். மூன்றாம் முறைக்குள் இருபது நிமிடத்தில் முடிக்கப் பழகிவிடுவீர்கள். அரத்தின் வால் முனையில் மரப்பிடி போடாமல் வேலை செய்யாதீர்கள். அரம் வழுக்கினால் அந்த முனை உள்ளங்கையில் ஏறிவிடும். சில கத்தரிகளில் அரம் கடிக்காமல் கண்ணாடி மீது போவதுபோல வழுக்கிக்கொண்டே போகும். அந்த அலகு மிகக் கடினமான எஃகு என்று பொருள். அதற்கு அரம் உதவாது, வைரத்தூள் பதித்த தீட்டுத் தகடு வாங்க வேண்டும், செலவு கூடும். ஓர் அலகில் ரம்பம்போல நுண்பற்கள் இருந்தால் அதைத் தொடாமல் மற்ற அலகை மட்டும் தீட்டுவது நல்லது.

துரந்தா, சங்கங்குப்பி, இட்லிப்பூ, செம்பருத்தி என்று வீட்டைச் சுற்றி வேலி வைத்து மாதம் ஒருமுறை வெட்டுகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான், வேறு எதுவும் இல்லை. பல் விழுந்த அலகுக்கு மட்டும் இது பொருந்தாது. வேலிக்குள் மறைந்திருந்த கட்டுக்கம்பியை வெட்டி விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர் பள்ளம் விழுந்திருந்தால், அதை அரத்தால் சமன் செய்ய அரை நாள் போய்விடும்.

தெருச் சாணைக்காரர்

சாணை என்ற தொழிலுக்கும் நம் நிலத்துக்கும் பழைய உறவு உண்டு. பழைய சாணைச் சக்கரங்கள் குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் செய்யப்பட்டவை. அந்தக் கல்லுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே தமிழின் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் இன்றும் அந்தக் கல்லைக் காணலாம். இப்போதைய சக்கரங்கள் ஆலைகளில் வருபவை என்றாலும், மிதிவண்டியில் சக்கரம் பூட்டி மிதித்துக்கொண்டே தீட்டுகிற மனிதரின் கைநிதானம் ஓர் இயந்திரத்துக்கு வராது. அவர்கள் தெருவில் குரல் கொடுத்து வருவது குறைந்துகொண்டே போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மிதித்துச் சுற்றும் சக்கரம் மெதுவாகச் சுற்றுவதால் சூடு பெரிய அளவில் ஏறாது. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கூலி ஓர் அரத்தின் விலையில் ஒரு பங்குதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சாணைக்காரரிடம் நாள்தோறும் வருபவை அரிவாள்மணையும் சமையலறைக் கத்தியும். கத்தியை இரண்டு பக்கமும் தீட்ட வேண்டும், அவர் கை அதற்குப் பழகியிருக்கும். அதே பழக்கத்தில் பிசிரை எடுக்க வேலிக் கத்தரியின் உள்முகத்தையும் ஒரு முறை சக்கரத்தில் காட்டிவிடுவார். கொடுத்த கூலியைவிடப் பல மடங்கு பெரிய செலவு அந்த ஒரு நொடியில் நேர்ந்துவிடுகிறது, ஏனென்றால் உள்பக்கத்தில் விழுந்த சாய்வை எடுக்க உள்முகம் முழுவதையும் மட்டமாகத் தேய்த்து இறக்க வேண்டும். தையல் கத்தரி தீட்டிப் பழகியவர் இந்தத் தவறைச் செய்யமாட்டார். அதுவும் ஒருபக்கச் சாய்வு கொண்டதுதான். ஆகவே நான் முதலில் கேட்பது, “அண்ணே, டெய்லர் கத்தரி பிடிப்பீங்களா?” என்பதே. பிடிப்பேன் என்றால் நம்பிக் கொடுக்கலாம்.

கொடுக்கும் முன் நீங்களே கழுவி, நட்டைக் கழற்றி, இரண்டு அலகுகளையும் தனித்தனியாகக் கொடுங்கள். வெளிச் சாய்வில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுக் காட்டி, “இந்தப் பக்கம் மட்டும் போதும்ணே, பிசிரை நான் கல்லுல எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு அருகிலேயே நில்லுங்கள். நுனியில் சக்கரம் நின்றுவிடாமல் ஓடுகிறதா என்று கவனியுங்கள். நுனி வளைந்து தேய்ந்துவிட்டால் வேலியின் மேல்மட்டத்தை நேராக வெட்டவே முடியாது.

கையில் அரம் பிடிக்கத் தெம்பில்லாத பெரியவர்களுக்கும், ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் வேலி வெட்டுகிறவர்களுக்கும், தெரிந்த சாணைக்காரர் அருகில் இருந்தால் இதுவே சிறந்தது. மாதந்தோறும் கொடுப்பதானால் வேண்டாம். சக்கரம் ஒவ்வொரு முறையும் அரத்தைவிடக் கூடுதலாக இரும்பைத் தின்கிறது.

பட்டறைக் கிரைண்டர்

முதன்முதலில் வாங்கிய நல்ல கத்தரியை நான் இழந்தது இங்கேதான். வெல்டிங் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். ஆங்கிள் கிரைண்டரை எடுத்து இரண்டு நிமிடத்தில் பளபளவென்று தீட்டிக் கொடுத்தார்கள், கூலிகூட வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது விளிம்பில் இரண்டு அங்குல நீளத்துக்கு மயில்கழுத்து நீலம் ஓடியிருந்தது. அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையே அந்த இரண்டு அங்குலம் மட்டும் மழுங்கி, மருதாணிக் குச்சியில் பட்டு விளிம்பு மடிந்துவிட்டது. அரம் வைத்தபோது மற்ற இடங்களில் முனகிக்கொண்டு கடித்த அரம், அந்த இடத்தில் வெண்ணெயில் போவதுபோலப் போனது.

நடந்தது இதுதான். தோய்ச்சல் கொடுத்த எஃகு ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம் கொள்ளும். 260 டிகிரியை ஒட்டிப் பழுப்பாகும். 300 டிகிரியை ஒட்டி நீலமாகும். நீலம் தெரிந்தால் கூர்விளிம்புக்கு வேண்டிய கடினம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது என்று பொருள். நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுவரை சுற்றும். கத்தரி விளிம்போ மிக மெல்லியது. சூடு ஓட அதற்கு இடமில்லை. ஓரிரு நொடி ஒரே இடத்தில் நின்றால் போதும். நீலமேறிய பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்தால் மட்டுமே கீழே நல்ல எஃகு கிடைக்கும். அதற்குள் அலகின் அகலம் குறைந்து, இரண்டு அலகுகளும் ஒத்துப்போகாமல் ஆகிவிடும்.

அப்படியானால் பட்டறைக்குப் போகவே கூடாதா என்றால், பல் விழுந்த அலகுக்கு அதுதான் வழி. ஆங்கிள் கிரைண்டருக்குப் பதில் மேசையில் பொருத்திய கிரைண்டரும் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் உள்ள இடமாகத் தேடுங்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் பிறகு அலகைத் தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள். விரல் தாங்காத சூடு வரக் கூடாது என்பதே அளவு. பள்ளம் மறையும் வரை மட்டும் பட்டறை போதும், கடைசியாகக் கூர் ஏற்றுவதை வீட்டில் அரத்தால் செய்துகொள்ளலாம். அரிவாள் அடிக்கும் கொல்லர் ஊரில் இருந்தால் இன்னும் நல்லது, தோய்ச்சல் என்ற சொல்லின் பொருள் அவருக்கு விளக்காமலே தெரியும். சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

புதிதாக வாங்குதல்

நடு போல்ட்டின் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்து, நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அலகுகள் ஆடினால் புதிது வாங்குங்கள். உள்முகத்தில் துரு ஆழக் குழித்திருந்தாலும், அலகு முறுக்கிக்கொண்டிருந்தாலும் அப்படியே. மரப்பிடி உடைந்ததற்காகவோ, இரண்டு பிடிகளுக்கும் நடுவே உள்ள ரப்பர் முட்டு தேய்ந்ததற்காகவோ மட்டும் வாங்க வேண்டாம், இரண்டையும் மாற்றலாம்.

மலிவு என்று சொல்லித் தகடு வெட்டிச் செய்த கத்தரியை வாங்குகிறவர்கள், அதை மறு ஆண்டும் வாங்க வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நடுவில் நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட் அடித்த கத்தரியைப் பிரித்துக் கழுவவும் முடியாது, தளர்ந்தால் இறுக்கவும் முடியாது. கடையிலேயே மூடிப் பிடித்து வெளிச்சத்தில் அந்த வில் வளைவு தெரிகிறதா என்று பாருங்கள், ஒரு தாளை நுனியால் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். நுனியில் வெட்டாத புதுக் கத்தரியும் கடைகளில் உண்டு.

யாருக்கு எது

பத்து வீடுகளுக்குத் தோட்ட வேலை செய்கிறவரின் நிலை வேறு. அவருக்குக் கத்தரி தினமும் வேண்டும், ஒரு நாள் கூலி இழப்பே ஓர் அரத்தின் விலையைவிட அதிகம். ஒரே மாதிரியான இரண்டு கத்தரிகளை வைத்துக்கொண்டு, காலையில் வேலையைத் தொடங்கும் முன் ஐந்தாறு அரத் தள்ளல் போடுவதும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நம்பிக்கையான சாணைக்காரரிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் வேலை பார்ப்பதும் அவருக்கு ஏற்றது. நோய் தாக்கிய வேலியை வெட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் முன் அலகை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பதும் அவருடைய பொறுப்பில் சேரும்.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும், உப்புக்காற்று ஒரே வாரத்தில் அந்த வேலையைப் பாழாக்கிவிடும். அங்கே தீட்டும் முறையைவிட எண்ணெய்தான் முக்கியம். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெய் அப்படி ஆகாது, ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவதால் உதகை, கொடைக்கானல் பக்கம் உதவாது. தையல் இயந்திர எண்ணெய் எல்லா ஊருக்கும் பொருந்தும். வெட்டி முடித்த அன்றே அலகைத் துடைத்து, உள்முகத்திலும் நடு போல்ட்டிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டு, கத்தரியைப் பத்துமுறை திறந்து மூடி, நுனி கீழே இருக்கும்படி நனையாத சுவரில் மாட்டிவையுங்கள்.